சங்கரி டீச்சர் வரைந்த அலை

“மலைய அழி” என்று சொல்லியபடியே சங்கரி டீச்சர் இரண்டாவது வரிசைக்குள் நுழைகிறார். வெள்ளிக்கிழமை, மூன்றாம் வகுப்பு, மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய முதல் பீரியட். “நீயும் அழி. இந்த ஊர்ல ரெண்டு மலை எங்கடா கீது? அதுக்கு நடுவுல சூரியன் எப்பிடி வந்து குந்திச்சி?”

ஒரு பையன் எழுந்து நின்று, “லைட்டவுஸாண்ட பாறை கீது மிஸ்” என்கிறான்.

“கீது இல்ல? அது முக்கோணமாவா கீது? சாயந்திரம் போய்ப் பாரு. பாத்துட்டு வந்து, கண்ணுக்கு இன்னா தெரிஞ்சிதோ அத்தப் போடு. இப்ப அழி.”

நாற்பது ரப்பர்கள் ஒன்றாக ஓடுகின்றன. இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், அதிலிருந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் ‘டிக்’ அடித்தாற்போல நாலு பறவைகள். தமிழ்நாட்டில் பிறந்த எந்தப் பிள்ளையும் யாரும் சொல்லித்தராமலே வரையும் அந்தப் படத்தோடு டீச்சருக்குப் பதிமூன்று வருடச் சண்டை. இந்தப் பிள்ளைகள் மலையையோ ஆற்றையோ கண்டதில்லை. கண்டதெல்லாம் கடல், படகு, வலை, கருவாடு காயும் மணல். அது ஒன்றும் தாளில் வராது. “பாத்தத விட்டுட்டு பாக்காதத வரையுதுங்க சார். அத்த மாத்தறதுதான் என் வேல. மத்ததெல்லாம் சும்மா” என்பார்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே, ஒரு மீனவக் குப்பத்தின் ஓரத்தில் இருக்கும் நர்சரி பிரைமரி பள்ளியில் 1994ஆம் வருடத்திலிருந்து அவர் ஓவிய ஆசிரியை. பிள்ளைகளுக்கு ‘டிராயிங் மிஸ்’. தாளாளர் நரசிம்மனுக்கு ‘அந்தம்மா’. செங்கல்பட்டில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் வீடு. கணவர் ரவிச்சந்திரன் சிக்னல் பிரிவில் வேலை பார்க்கிறார். காலை ஏழு மணி பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாக வந்து இறங்குவார். குள்ளமான உருவம், எப்போதும் கசங்கிய பருத்திப் புடவை, இடது மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். ஹையர் கிரேடு ஓவியத் தேர்வு எழுதி, பயிற்சிச் சான்றிதழும் வாங்கி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்தவர். அரசுப் பள்ளியிலிருந்து இன்னும் அழைப்பு வரவில்லை. இனி வந்தாலும் வயது தாண்டிவிடும்.

நான் இந்த ஊர்த் தபால் அலுவலகத்தில் எழுத்தர். என் மகள் விஷாகா அந்தப் பள்ளியில்தான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தாள். வெள்ளிக்கிழமைகளில் அவளை அழைத்துவரப் போகும்போது ஜன்னலுக்கு வெளியே நின்று வகுப்பைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

டீச்சரின் கைப்பையைத் திறந்தால் காய்கறிக் கடை. முற்றிய வெண்டைக்காய், பாகற்காய், வாழைத்தண்டுத் துண்டு. குறுக்கே வெட்டி, சாயத்தில் தோய்த்து, பழைய செய்தித்தாளில் ஒற்றச் சொல்வார். வெண்டைக்காய் பூவாக விழும். பாகற்காய் முள்வட்டமாக விழும். பிள்ளைகள் அதை வரிசையாக ஒற்றித் தங்கள் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொள்வார்கள். “டிசைன்னா இன்னா மிஸ்?” என்று ஒரு பெண் கேட்டதற்கு, “ஒண்ணையே திருப்பித் திருப்பி வெச்சா டிசைன். எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சாத்தான் அது டிசைன்” என்று பதில் சொன்னதை நானே கேட்டேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டும். நாலு வெள்ளிக்கிழமையும் அதையே வரைய வேண்டும். விஷாகா என் அலுவலகத்திலிருந்து தேய்ந்துபோன தேதி முத்திரை ஒன்றைக் கொண்டுபோனாள். முதல் வாரம் வெறும் வட்டம். நாலாவது வாரம் கைப்பிடியில் விரல்பட்டுத் தேய்ந்த இடம்கூடத் தாளில் இருந்தது. பதினைந்து வருடமாகக் கையில் பிடித்த எனக்கு அந்தத் தேய்மானம் அன்றுதான் தெரிந்தது. அந்தத் தாளைக் கொடுக்கும்படி கேட்டேன். “ஸ்கூல் பீரோல இருக்கட்டும் சார், அஞ்சாவது முடிச்சிப் போவசொல்லோ கொடுக்கறேன்” என்றார் டீச்சர். எல்லாப் பிள்ளைகளின் தாள்களையும் பெயர் எழுதி, நூல் கட்டி, பீரோவில் அடுக்கி வைத்திருந்தார். விஷாகா முடித்துப் போன வருடம் நான் கேட்க மறந்துவிட்டேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலையில் கடல் எழுந்து உள்ளே வந்தது. அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குப்பத்தின் முன் இரண்டு வரிசை வீடுகள் போயின. பள்ளியின் சுற்றுச்சுவர் விழுந்தது. பீரோ கவிழ்ந்து, பத்து வருடத் தாள்கள் சேற்றோடு சேறாகக் கூழாகிக் கிடந்தன. அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகளில் ஒன்பது பேர் இல்லை. அவர்களில் இனியன் என்பவன் இரண்டாம் வகுப்பு. மணலில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவன். அவன் அம்மா செல்லம்மா அப்போது மீன் கூடையோடு திருக்கழுக்குன்றம் போயிருந்தாள். அக்கா சுஷ்மிதாவை யாரோ வலைக்கூடத்தின் மேல் தூக்கிப் போட்டார்கள். நாலாம் வகுப்புப் படித்த அவள் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி நடுவில் ஒரு தகரக் கொட்டகையில் பள்ளி மறுபடி நடந்தது. வேன் வேனாக ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் நல்லவர்கள்தாம், எல்லோர் கண்ணிலும் ஈரம் இருந்தது. பிள்ளைகள் வாயால் சொல்ல முடியாததைப் படமாகப் போட்டால் பாரம் இறங்கும் என்றார்கள். டீச்சருக்கும் அது சரியாகவே பட்டது. கட்டுக்கட்டாக வெள்ளைத்தாள், டப்பா டப்பாவாகக் கிரேயான் வந்து இறங்கியது. “பத்து வருசமா வகுப்புக்கு ஒரு டப்பா குடுங்கன்னு கெஞ்சினேன். இப்ப மலையாக் குமிஞ்சி கீது” என்று தபால் அலுவலக வாசலில் நின்று என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முதல் வாரம் வந்த படங்களை அவர் எனக்குக் காட்டினார். ஒரு பெண் வெறும் கதவு ஒன்றை வரைந்திருந்தாள், தாழ்ப்பாளோடு. ஒரு பையன் நாயை வரைந்திருந்தான். ஒருத்தி தாள் முழுக்கக் கறுப்பை அழுத்தி அழுத்தித் தேய்த்ததில் தாளே கிழிந்திருந்தது. “பாத்தத வரைஞ்சிருக்குதுங்க சார்” என்றார், மிகவும் மெதுவாக.

வந்தவர்கள் அந்தப் படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அலை எங்கே?” என்று கேட்டார்கள். அலை வரைந்த பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், தோளில் கை போட்டார்கள், படம் பிடித்தார்கள், பிஸ்கெட் கொடுத்தார்கள். கதவு வரைந்த பெண்ணின் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அடுத்த வேன் வந்தபோது அவளும் அலை வரைந்தாள்.

மார்ச் மாதத்துக்குள் எல்லாத் தாள்களும் ஒரே மாதிரி ஆகிவிட்டன. சீப்புப் பல் மாதிரி நுனி மடங்கிய நீல அலை. வளைந்த ஒரு தென்னை. தண்ணீரில் கையைத் தூக்கியபடி மூன்று பேர். மேலே ஒரு ஹெலிகாப்டர். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து வரைந்தார்கள். அன்றைக்கு அலையைக் காணாத உள்ளூர்க் கடைக்காரர் பிள்ளைகளும் அதையே வரைந்தார்கள். கிரேயான் டப்பாக்களில் நீலம் மட்டும் தீர்ந்துகொண்டிருந்தது. “சார், அந்த ரெண்டு மலையே தேவலாம் சார்” என்றார் டீச்சர். “அது எவனோ போட்டது. இது இவங்க கண்ணால பாத்தது. அதையும் காப்பியடிக்கக் கத்துகினாங்க. நான் கத்துக் குடுத்தது ஒண்ணும் நிக்கல.”

சுஷ்மிதாவின் படத்துக்குத்தான் கிராக்கி அதிகம். அவள் தாளில் தண்ணீருக்கு நடுவில் சிவப்புச் சட்டை போட்ட ஒரு சின்ன உருவம் மிதக்கும். வந்தவர்கள் “இது யாரும்மா?” என்பார்கள். “எந் தம்பி” என்பாள். அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இரண்டு மாதத்தில் அதே படத்தை அவள் எத்தனை முறை வரைந்தாள் என்று யாருக்கும் தெரியாது. பிரபஞ்ச அழகிப் போட்டியின் புண்ணியத்தில் ஊருக்கு நாலு சுஷ்மிதா பிறந்த வருடத்தில் பிறந்தவள். அவளைத் தேடி வருபவர்கள் அதைச் சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்ப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். “அன்னிக்குத் தம்பி இந்தச் சட்டதான் போட்டுகினு இருந்தானா?”

“இல்ல மிஸ். அன்னிக்கு வேற. மஞ்சள்… இல்ல, கோடு போட்டது.”

“அப்ப ஏன் செகப்பு?”

“செகப்புப் போட்டா தூரத்துல கூட நல்லாத் தெரியும்னு ஒரு அக்கா சொன்னாங்க மிஸ்.” தாளைப் பார்த்தபடியே அவள் கேட்டாள்: “மிஸ், கோடு போட்டதா, மஞ்சளா? எனக்கு மறந்துபூட்ச்சி மிஸ்.”

அன்றைக்கு டீச்சர் எல்லாத் தாளையும் வாங்கிக் கட்டிப் பரண்மேல் போட்டார். இனிமேல் யார் வந்து கேட்டாலும் அலை வரைய வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொன்னார். என்ன வரைவது என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. சுஷ்மிதா வெள்ளைத்தாளை முன்னால் வைத்துக்கொண்டு பீரியட் முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஏப்ரல் மாதம் சென்னையில் ஒரு தொண்டு நிறுவனம் பிள்ளைகளின் ஓவியக் கண்காட்சி வைத்தது. பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்டித் தருபவர்களும் அவர்களே. நரசிம்மன் டீச்சரை அழைத்தார். வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் இல்லை. பிள்ளைகளை மறுபடி செங்கல் சுவருக்குள் உட்காரவைக்க வேண்டும் என்ற ஒரே நினைப்பாக அலைந்துகொண்டிருந்தார்.

“அறுபது படம் வேணும் டீச்சர். திங்கட்கிழமை காலைல ஆள் வரான்.”

“புள்ளைங்களால முடியல சார். வேற ஏதாவது குடுக்கறேன். வெண்டக்கா அச்சு கீது, பொருள் பாத்து வரஞ்சது கீது.”

“வெண்டைக்காயைக் கொண்டுபோய் அவங்க என்ன பண்ணுவாங்க? அஸ்திவாரம் போட்டாச்சு. இப்போ போய்ப் படம் தரமாட்டோம்னா எப்படி? வரையறதுல என்ன முடியறது, முடியாதது? அதானே உங்க சப்ஜெக்ட்?”

பரண்மேல் கட்டிப் போட்டதை எடுத்துக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் பகல் முழுக்க டீச்சர் செங்கல்பட்டு வீட்டின் கூடத்தில் தரையில் உட்கார்ந்து அறுபது படங்களையும் தானே வரைந்தார். வலது கையில் வரைந்தால் தேர்ந்த கோடு காட்டிக்கொடுத்துவிடும் என்று இடது கையால் வரைந்தார். சீப்புப் பல் அலை, தென்னை, தூக்கிய கைகள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு பெயர், ஒரு வகுப்பு. எந்தப் பிள்ளை எழுத்தைக் கோணலாகப் போடும், எது புள்ளி வைக்க மறக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ரவிச்சந்திரன் பார்த்துவிட்டு, “இன்னா கொயந்த மாதிரி கிறுக்கிகினு கீற?” என்று கேட்டாராம். “கொயந்தைங்க கிறுக்கக் கூடாதுன்னுதான்” என்றாராம் இவர்.

பெயர்களை வருகைப் பதிவேட்டின் வரிசையில் மனதுக்குள் சொல்லிச் சொல்லி எழுதியிருக்கிறார். பழைய பதிவேடு. டிசம்பருக்கு முந்தையது. கை பழக்கத்தில் ஓடியது. ஒரு தாளில் ‘இனியன், இரண்டாம் வகுப்பு’ என்று எழுதியது அவருக்கே தெரியாது.

டிசம்பரில், முதல் வருட நினைவு நாளுக்கு முன்பாக, அந்த நிறுவனம் 2006க்கான காலண்டர் போட்டது. பெரிய தாள், வழவழப்பான அச்சு, ஒரே படம். நரசிம்மன் அதைப் புதுக் கட்டடத்தின் அலுவலக அறையில் பெருமையாக மாட்டினார். டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். தன் இடது கை வரைந்த அலை. கீழே கொட்டை எழுத்தில்: ‘இனியன், வயது 7’.

உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யார் கவனிக்கப் போகிறார்கள், வருடம் முடிந்தால் காலண்டரும் போய்விடும் என்று மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டார். தன் வாழ்நாளில் தான் செய்த பெரிய குற்றம் படம் வரைந்தது அல்ல, அந்த மூன்று வாரம்தான் என்பார்.

அந்த மூன்று வாரத்தில் காலண்டர் குப்பத்துக்குப் போய்விட்டது. ஜனவரி நடுவில் ஒரு பகல் வேளை செல்லம்மா பள்ளிக்கு வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். கையில் காலண்டர். படத்தின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும்.

“மிஸ், எம்புள்ள இத்த எப்ப வரஞ்சான்?”

டீச்சர் காலண்டரை வாங்கக் கை நீட்டினார். செல்லம்மா கொடுக்கவில்லை.

“அவனுக்கு மொதல்லியே தெரிஞ்சிகீது மிஸ். ஊரே சொல்லுது. சாமி அவனாண்ட சொல்லிகீது. அன்னிக்குக் காலைல ‘நான் வூட்லியே கீறேன்மா’ன்னான். நாந்தான் ‘வூட்ல குந்திகினு இன்னா பண்ணப் போற, போய் வெளையாடு’ன்னு தொரத்தி வுட்டேன். படம் போட்டு வெச்சிகீறான் மிஸ். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு அவன் நோட்ட நான் தொறந்து பாத்தனா?”

இரண்டு வாரமாக அவள் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சோறு இறங்கவில்லை. சுஷ்மிதாதான் உலை வைத்துக்கொண்டிருந்தாள். டீச்சருக்கு அப்போதுதான் அது தெரிந்தது.

“செல்லம்மா, அத்த அவன் வரையல. நான் வரஞ்சேன்.”

“எனக்காவ சொல்ற.”

“இல்ல. சத்தியமா.”

“பொய்யி. நான் சாவப் போறேன்னு பயந்துகினு சொல்ற.”

டீச்சர் மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நீலக் கிரேயானை இடது கையில் பிடித்தார். செல்லம்மாவின் கண்முன்னாலேயே அந்த அலையை வரைந்தார். அதே மடிப்பு, அதே தென்னை, தூக்கிய அதே கைகள். கீழே பெயர் மட்டும் எழுதவில்லை. செல்லம்மா தாளையும் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

“அப்ப அவனுக்கு ஒண்ணியும் தெரியாதா?”

“தெரியாது.”

“வெளையாடிகினேதான் இருந்தானா?”

“ஆமா செல்லம்மா. வெளையாடிகினுதான் இருந்தான்.”

செல்லம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். அழுது ஓய்ந்தபோது கேட்டாள்: “நெசமாவே அவன் கையால வரஞ்சது ஏதாச்சும் உன்னாண்ட கீதா?”

இல்லை. பீரோவோடு போய்விட்டது. ஆனால் டீச்சருக்கு நினைவு இருந்தது. இனியன் ஜூன் மாதம் கொண்டுவந்தது ஒரு ரப்பர் செருப்பு. வார் அறுந்து, ஊக்குக் குத்தியது. நாலு வாரமும் செருப்பைச் சின்னதாகவும் ஊக்கைத் தாள் முழுக்கப் பெரிதாகவும் வரைந்தான். ஏன் என்று கேட்டதற்கு, “அதான மிஸ் காலுல குத்துது” என்றான். இதைச் சொன்னதும் செல்லம்மா, “ஆமா. அந்த ஊக்கு நான் குத்திக் குடுத்தது. வேற வாங்கித் தரேன்னு சொல்லிகினே இருந்தேன்” என்றாள். பிறகு, “எனக்கு அத்த வரஞ்சி குடு. அவன் வரஞ்ச மாதிரியே. உன்னாலதான் முடியுமே” என்றாள்.

“மாட்டேன் செல்லம்மா. நான் வரஞ்சா அதுவும் பொய்யாப் பூடும்.”

செல்லம்மா எழுந்தாள். காலண்டரை மேஜைமேல் போட்டாள். “அப்ப எம்புள்ள பேர அதுலேர்ந்து எடு” என்றாள். “அவனக் கொன்னத அவனே வரஞ்சான்னு ஊரெல்லாம் மாட்டி வெச்சிகீறீங்களே, எடு. எல்லாத்துலேர்ந்தும் எடு.” சொல்லிவிட்டுப் போனாள். அதன்பிறகு இன்றுவரை டீச்சரிடம் அவள் பேசியதில்லை.

நரசிம்மனிடம் டீச்சர் எல்லாவற்றையும் சொன்னார். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். “ஐயாயிரம் காப்பி போட்டிருக்காங்க. பேரை எப்படி எடுக்கறது? நாமே ஏமாத்தினோம்னு நாமே எழுதிக் கொடுக்கச் சொல்றீங்களா? விட்டுடுங்க டீச்சர். டிசம்பர் வந்தா தானா குப்பைக்குப் போயிடும்.”

டீச்சர் விடவில்லை. தானே எழுதிக் கொடுத்தார். அந்த நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப என் கவுண்ட்டருக்கு வந்து, ஒட்டாத உறையை நீட்டி, “பிழை கீதான்னு பாருங்க சார்” என்றார். நான் இதுவரை சொன்னதில் முக்கால் பங்கு அந்தக் கடிதத்தில் இருந்தது. இடது கை, பதிவேடு, மூன்று வாரம் எல்லாம். ஒரு இடத்திலும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வார்த்தை இல்லை. ஒற்றுப்பிழை இரண்டு இருந்தது. நான் திருத்தவில்லை.

மூன்று கடிதம் அனுப்பினார். மூன்றுக்கும் ஒப்புகை அட்டை வந்தது. மூன்றாவதற்குப் பதிலும் வந்தது. அச்சடித்த கடிதம். தங்கள் மேலான கருத்துகளுக்கு நன்றி, குழந்தைகளின் படைப்பாற்றல் எங்களை நெகிழ வைக்கிறது, அடுத்த ஆண்டுக் காலண்டரின் பொருள் ‘நம்பிக்கை’, பிள்ளைகளின் படங்களை ஆவலோடு எதிர்பார்க்கிறோம். டீச்சர் அதை என் கவுண்ட்டரிலேயே நின்று இரண்டு முறை படித்தார். “யாரும் படிக்கவே இல்ல சார்” என்றார். கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் குரலில் அது இல்லை.

அதிலிருந்து ஊர் ஊராகப் போகிறார். சனி, ஞாயிறுகளில். திருப்போரூரில் ஒரு ஜவுளிக்கடை, செங்கல்பட்டில் ஒரு பல் ஆஸ்பத்திரி, கடற்கரைச் சாலையில் இரண்டு ஓட்டல். அந்தக் காலண்டர் மாட்டியிருக்கும் இடத்தில் கெஞ்சி அனுமதி வாங்கி, பெயர் இருக்கும் அடித்துண்டை மட்டும் கிழித்து எடுத்து வந்து, பஸ் ஸ்டாண்டில் மீன் விற்கும் செல்லம்மாவின் பலகை ஓரத்தில் வைப்பார். செல்லம்மா நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஆனால் அவர் திரும்பியதும் எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். வருடம் முடிந்ததும் படத்தில் ஒட்டியிருந்த மாதத்தாள்கள் குப்பைக்குப் போயின. படம் போகவில்லை. நன்றாக இருக்கிறது என்று பலர் வைத்துக்கொண்டார்கள். நாவலூரில் ஒரு கம்ப்யூட்டர் அலுவலகத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். காவலாளி உள்ளே விடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரண்டு மணி நேரம் நின்று, சுவரில் தெரிந்த நீலத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

பள்ளியில் இப்போது அவருக்கு வாரம் ஒரு வெள்ளிக்கிழமைப் பீரியட்தான் மிச்சம். மற்றதைக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்துக்கொண்டது. சுஷ்மிதா அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். எதுவும் வரைவதில்லை. “என்னால ஒரு புள்ளையாவது பாக்கக் கத்துகிச்சான்னா, தெர்ல சார்” என்றார் ஒருமுறை. “ஒண்ணு கத்துகிச்சி. செருப்பு வரஞ்சவன். அவனும் இல்ல.”

போன வாரம் தபால்தலை வாங்க வந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் வழியே காற்று அடித்ததில், எங்கள் சுவரில் மாட்டியிருந்த இந்த வருடக் காலண்டர் எகிறியது. அதே ஆணியில், அதற்கு அடியில், நீல அலை. வந்த அன்றே இதை மாட்டி, இதன்மேலேயே வேறொரு காலண்டரையும் யாரோ மாட்டியிருக்கிறார்கள்; வருடம் மாறியபோது மேலே இருந்ததை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். நான் ஒன்றரை வருடமாக அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.

 “ஸ்கேல் குடுங்க சார்” என்றார் அவர். காலண்டரைக் கழற்றிக் கவுண்ட்டரில் வைத்து, ஸ்கேலை அழுத்திப் பிடித்து, பெயர் இருந்த விளிம்பைப் பிசிறில்லாமல் கிழித்தார். படத்தை மறுபடி ஆணியில் மாட்டிக் கோணல் பார்த்து நேராக்கினார். துண்டை நாலாக மடித்து உள்ளங்கையில் வைத்துக் கையை மூடினார்.

மழை வலுத்திருந்தது. குடை இல்லை. தலைக்கு முந்தானையைப் போட்டுக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் மூடிய கையை மட்டும் முந்தானையில் இரண்டு சுற்றுச் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு, வெறுந்தலையோடு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.